சதுர்த்தசி நிலவு

போகிப் பண்டிகைக்கு முன்பாகப் பரணை ஒழித்துச் சுத்தம் செய்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இன்னும் விட்டுப்போகவில்லை. இவ்வருஷம் அப்படி ஒழிக்கும்போது, தகரப் பெட்டி ஒன்றின் அடியிலிருந்து, பழுப்பேறி ஓரமெல்லாம் உதிர்ந்துபோன சௌமிய வருஷத்துப் பஞ்சாங்கம் ஒன்று கைக்கு அகப்பட்டது. எரிப்பதற்காக ஒதுக்கிய குவியலில் அதையும் சேர்க்கப்போன நான், ஏதோ ஒரு ஞாபகத்தில் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிகள். பஞ்சாங்கத்தில் குறி போடுவது அதிசயமல்ல. அமாவாசையையும் ஏகாதசியையும் கிருத்திகையையும் வட்டமிட்டு வைக்காத வீடு அக்காலத்தில் ஏது? ஆனால் இந்தப் பஞ்சாங்கத்தில் மாதந்தோறும் வட்டமிடப்பட்டிருந்தது வளர்பிறைச் சதுர்த்தசி. அதன் பக்கத்தில் சூரியாஸ்தமனமும் சந்திரோதயமும் நாழிகைக் கணக்கில் பொடி எழுத்தாகக் குறிக்கப்பட்டிருந்தன. பௌர்ணமிக்கு முதல் நாளாகிய அந்தத் திதியை, விரதத்துக்காகவோ விருந்துக்காகவோ அன்றி, ஆகாயத்தில் நடக்கும் ஒரு காரியத்துக்காக மாதந்தோறும் எதிர்பார்த்துக் காத்திருந்த மனிதர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

தஞ்சாவூரில் நான் படித்துக்கொண்டிருந்த நாட்களில், பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவின் சொந்தக்காரர் அவர். ஊரார் அனைவருக்கும் அவர் ‘ஸ்டூடியோ ஐயா’. எனக்கு வெறும் ‘ஐயா’. மாலை வேளைகளில் அவருடைய இருட்டறையில் கழுவும் தட்டுகளை ஆட்டிக்கொடுக்கவும், உலர்ந்த பிரதிகளின் ஓரத்தைக் கத்தரிக்கவும் எனக்கு அனுமதி உண்டு. ஹைப்போவின் காரநெடியும், சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியும், தண்ணீரில் மிதக்கும் வெள்ளைக் காகிதத்தில் ஒரு முகம் மெல்ல மெல்ல உதயமாகிற அந்த விந்தையும் சேர்ந்து, பாடப் புத்தகம் எதுவும் என்னை அப்படிக் கட்டிப்போட்டதில்லை என்று சொல்லும்படி செய்துவிட்டன.

ஸ்டூடியோவின் முன்கூடத்தில் ஒரு நிலவு இருந்தது. ஆளுயரப் பலகையைப் பிறையாக அறுத்து, வெள்ளி வர்ணம் பூசி, நீலத் திரைக்கு முன் நிறுத்தியிருப்பார். ஊரில் முதல் முடி இறக்கிய குழந்தைகளும், பூப்பின்னல் வைத்த சிறுமிகளும், பட்டுப் பாவாடை மடிப்புக் கலையாமல் அதில் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டவர்களே. சந்திரனில் உட்கார்ந்திருக்கும் தன் பெண்ணின் படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரிக்கிற தாய்மாரை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பலகைப் பிறைதான் ஐயாவுக்கு அன்னமளித்தது. ஆனால் அவர் மனசு முழுவதும் கூரைக்கு மேலே இருந்த சந்திரனிடத்திலேயே இருந்தது. கடையைச் சாத்தியபின், கனத்த மரக் காமிராவையும் முக்காலியையும் கறுப்புத் துணியையும் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டிக்கொண்டு அவர் ஆற்றங்கரைக்கோ வயல்வெளிக்கோ புறப்பட்டால், துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்ற சாக்கில் நானும் உடன் செல்வேன்.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் என்னைத் திகைக்க வைத்தது. நிலவை ராத்திரியில் எடுப்பதால் ஷட்டரை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டும் என்றே எவரும் நினைப்பார்கள். அவரோ, “தம்பி, நமக்குத்தான் ராத்திரி. அங்கே இப்போ பட்டப்பகல். வெயில்லே காயுற ஒரு பொட்டல் காட்டைத்தான் நாம படம் எடுக்கிறோம், அதை மறக்காதே” என்றார். பூமியில் உச்சி வெயிலில் கிடக்கும் ஒரு நிலத்துக்கு எவ்வளவு வெளிச்சம் காட்டுவோமோ ஏறக்குறைய அதே அளவுதான் நிலவுக்கும். நூறு வேகமுள்ள பிலிமானால், லென்ஸின் துவாரத்தைப் பதினொன்றில் வைத்து, விநாடியில் நூற்றில் ஒரு பங்கு திறந்தால் போதும். வெயிலுக்குரிய கணக்கைவிட ஒரு படி அதிகமாகக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு: நம் கண்ணுக்கு வெள்ளித்தட்டாகத் தோன்றுகிற அந்தச் சந்திரனின் தரை உண்மையில் தேய்ந்த தார்ச்சாலையின் கருமை உடையது, தன்மேல் விழும் வெயிலில் எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. கறுப்பு ஆகாயத்தின் நடுவில் இருப்பதாலேயே நமக்கு அது வெளுப்பாகத் தெரிகிறது.

சந்திரன் இப்படி என்றால், சந்திரன் காய்கிற பூமியின் கதை நேர்மாறானது. பூரண சந்திரனின் ஒளி சூரிய ஒளியில் ஏறத்தாழ நான்கு லட்சத்தில் ஒரு பங்கு. நிலா வெளிச்சத்தில் ஒரு தென்னந்தோப்பையோ கோயில் மதிலையோ படம் எடுக்க வேண்டுமானால், லென்ஸை நன்றாகத் திறந்துவைத்தும் நான்கு நிமிஷத்துக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். நெடுநேரம் திறந்துவைக்கையில் பிலிமின் ஒளியுணர்வும் மழுங்கிவிடுவதால் இன்னும் அதிகமாகவே வேண்டும். அந்த நான்கு நிமிஷத்துக்குள் சந்திரனோ தன் அகலத்தைப்போல் இருமடங்கு தூரம் நகர்ந்து, படத்தில் ஒரு வெள்ளைக் கோடாக இழுபட்டுவிடும். ஆகவே நிலவுக்கு அளந்தால் நிலம் இருண்டுபோகிறது. நிலத்துக்கு அளந்தால் நிலவு அழிந்துபோகிறது. இரவில் நிலவைப் படம் எடுக்கிற கலை முழுவதும் இந்த ஒரு சங்கடத்திலிருந்தே பிறந்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இந்தச் சங்கடத்துக்கு ஐயா கண்ட பரிகாரந்தான் சதுர்த்தசி.

பௌர்ணமியன்று சூரியன் மேற்கே விழுகிற சமயத்தில் சந்திரன் கிழக்கே எழுகிறது. சித்ரா பௌர்ணமியன்று கன்னியாகுமரியில் ஜனங்கள் கூடி நின்று இரண்டு கடல்களின்மேல் அந்த இரண்டையும் ஒருசேரத் தரிசிப்பது இதனால்தான். ஆனால் நிலவு அடிவானத்துப் புழுதியையும் மங்கலையும் கடந்து மேலேறித் தெளிவதற்குள் நிலத்தின் மீதுள்ள வெளிச்சம் போய்விடும். நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு நாழிகை தாமதித்து உதிப்பது சந்திரனின் இயல்பு. அதனால் முதல் நாளாகிய சதுர்த்தசியன்று அது இரண்டு நாழிகை முன்னதாகவே, மேல்திசையில் பொழுது இருக்கும்போதே, கீழ்த்திசையில் வந்து நிற்கிறது. பார்க்கிறவனுக்கு அது முழு நிலவுதான். குறைந்திருக்கும் சிறு விளிம்பைக் கண் கண்டுகொள்வதில்லை. சாய்ந்த வெயில் நிலத்தின்மேல் பொன்னாய்ப் படிந்திருக்க, நிலவும் எதிரே நிற்க, இரண்டின் பிரகாசமும் ஒரே பிலிமுக்குள் அடங்குகிற அளவுக்கு நெருங்கிவருகிற சொற்ப வேளை ஒன்று அன்று வாய்க்கிறது. அஸ்தமனத்துக்கு ஒரு நாழிகை முன்னதாகச் சந்திரோதயம் அமைகிற நாளாகப் பார்த்து, பஞ்சாங்கத்தில் அவர் இரட்டை வட்டம் போட்டிருந்தார்.

அந்த வேளையைக்கொண்டு அவர் செய்ய விரும்பிய காரியம் பெரியகோயில் விமானமும் நிலவும் ஒன்றாக நிற்கிற ஒரு படம். கோயில் வாசலில் நின்று எடுத்தால், வானளாவிய விமானத்தின் பக்கத்தில் நிலவு ஒரு புள்ளி. அதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். கையை நீட்டிச் சுண்டுவிரலை உயர்த்தினால் அதன் பின்னே நிலவு முழுவதும் மறைந்துவிடும். ஆகாயத்தில் அது அடைக்கிற இடம் அரைப் பாகையே. எந்தப் பொருளாயினும் அதன் உயரத்தைப்போல் 110 மடங்கு தூரம் நாம் விலகிப்போனால், அந்தப் பொருளும் நிலவும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியும். ஆறடி மனிதன் 660 அடி தூரத்தில் நின்றால் நிலவின் உயரம் இருப்பான். விமானத்தின் உயரம் ஏறத்தாழ 216 அடி. நாலரை மைல் விலகினால் விமானமும் நிலவும் சமம். ஒன்றரை மைல் விலகினால் நிலவைப்போல் மும்மடங்கு உயரமாக விமானம் நிற்கும். “நிலாவைப் பெரிசாக்க முடியாது தம்பி. கோயிலைத்தான் சின்னதாக்கணும். அதுக்கு நாமதான் நடக்கணும்” என்பார்.

அடிவானத்தில் உதிக்கும் நிலவு உச்சியில் நிற்கும் நிலவைவிடப் பெரியதல்லவா என்று நான் ஒரு நாள் வாதம் செய்தேன். பதில் சொல்லாமல் பழைய பத்திரிகை ஒன்றைக் குழலாகச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். குழலின் வழியே பார்த்ததும், பனைமரங்களுக்கு இடையில் பிரம்மாண்டமாக எழுந்த அந்தச் சந்திரன் சட்டென்று சுருங்கி, தினந்தோறும் நான் பார்க்கிற சாதாரண நிலவாகிவிட்டது. மரமும் வீடும் கண்ணிலிருந்து மறைந்தால் அந்தப் பெருமையும் மறைந்துவிடுகிறது. உண்மையில் அடிவானத்து நிலவு அணுவளவு சிறியது என்றுகூடச் சொல்ல வேண்டும். தலைக்கு மேலே வருகையில், பூமியின் பாதி விட்டம் அளவுக்கு அது நம்மை நெருங்கி வந்துவிடுகிறது. காமிரா இந்த மயக்கத்துக்கு ஆட்படாது. கண் கண்ட பெருமையைப் படத்திலும் காணவேண்டுமானால் தூர நடையும் நீண்ட லென்ஸும் தவிர வேறு வழியில்லை.

எனவே கோயிலுக்கு மேற்கே வயல்வெளியில் வரப்பு வரப்பாக நடந்தோம். இடம் தேர்ந்தால் நாள் ஒத்துவராது. நாள் ஒத்துவந்தால் மேகம் ஒத்துவராது. மார்கழி நிலவு கிழக்குக்கு வடக்கே ஒதுங்கி எழும். ஆனி நிலவு தெற்கே ஒதுங்கி எழும். சூரியன் போகாத பக்கத்துக்குச் சந்திரன் போகிறது. நேர்க் கிழக்கை ஒட்டி எழுகிற நிலவு பங்குனியிலும் புரட்டாசியிலும்தான் வாய்க்கும். புரட்டாசியில் மேகம். ஆகவே ஐயா பங்குனியை நம்பியிருந்தார். சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்துச் செடி முழங்காலுக்குக் கீழே படர்ந்திருக்கும் அந்தப் பருவத்தில், திரயோதசி மாலையே போய் நிலவு எழும் திக்கைக் குறித்துக்கொள்வார். ஒன்றரை மைல் தூரத்தில், நிலவு ஒரு பாகை இப்படியோ அப்படியோ விலகினால் நாம் 140 அடி பக்கவாட்டில் நகர வேண்டும். நம் ஊரில் நிலவு ஏறக்குறையச் செங்குத்தாகவே ஏறுகிறது. ஆயினும் ஏற ஏறச் சற்றே தெற்கே சாயும். அந்தச் சாய்வுக்கும் சேர்த்து அவர் ஓர் இடத்தில் குச்சி நட்டுவைத்தார்.

மறுநாள் நாங்கள் முக்காலியை நிறுத்திக்கொண்டிருந்தபோது, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு குடியானவர் நின்று, “என்னங்கய்யா, நிலம் அளக்க வந்திருக்கீங்களா?” என்று கவலையோடு கேட்டார். “இல்லீங்க, நிலா வருதான்னு பார்க்க வந்தோம்” என்றார் ஐயா. அவர் எங்களை ஒரு தரம் பார்த்தார், கிழக்கை ஒரு தரம் பார்த்தார். பிறகு மாட்டை வரப்போரம் கட்டிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து உதறிப் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்துவிட்டார். நெடுநாள் பழகியவர்போல் விளைச்சலைப்பற்றியும் தண்ணீரைப்பற்றியும் பேசினார். விமானத்தின்மேல் சாய்ந்த வெயில் பட்டுத் தளங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கின. அடிவானத்து மங்கலிலிருந்து, வெளிறிய சோழி நிறத்தில், விமானத்தின் அடியை ஒட்டிச் சந்திரன் எழுந்தது. அடியிலிருந்து கலசம்வரை அது ஏறுவதற்கு ஆறு நிமிஷந்தான் ஆகும் என்று ஐயா முன்னமே சொல்லியிருந்தார். அந்த ஆறு நிமிஷத்தில் அவர் கறுப்புத் துணிக்குள் போவதும் வெளியே வருவதும், பிளேட்டை மாற்றுவதும், மூடியைக் கழற்றுவதுமாக, ஒரு பூஜைக்குரிய நியமத்தோடு இயங்கினார். நானும் அந்தக் குடியானவரும் வாய் பேசவில்லை. நிலவு கலசத்தைத் தாண்டி மேலே போனதும், “கோயிலு இத்தனை நாளா இங்கேதான் இருக்குது, நான் இந்தக் கோலத்திலே பார்த்ததில்லீங்க” என்று சொல்லிவிட்டு அவர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றை, அறுவடைக்குப் பின் ஊருக்குள் வந்த அவரிடம் ஐயா கொடுத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

வெகு காலத்துக்குப் பின் ஒரு நூலகத்தில் ஆன்ஸெல் ஆடம்ஸின் புகழ்பெற்ற நிலவுப் படத்தைக் கண்டபோது என் மனம் இந்த உளுந்து வயலுக்கே ஓடியது. அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தின் எர்னாண்டெஸ் என்ற சிற்றூரின்மேல் நிலவு நிற்கிறது. கீழே கல்லறைச் சிலுவைகளின்மேல் கடைசி வெயில். சாலையில் போய்க்கொண்டிருந்தவர் இக்காட்சியைக் கண்டு வண்டியை நிறுத்தி, வெளிச்சமானி அவசரத்தில் அகப்படாமற் போகவே, நிலவின் பிரகாசம் இவ்வளவு என்று தாம் மனனம் செய்துவைத்திருந்த எண்ணைக்கொண்டே கணக்கிட்டு எடுத்தார். அடுத்த பிளேட்டைத் தயார் செய்வதற்குள் சிலுவைகளின்மேலிருந்த வெயில் போய்விட்டது. எடுத்த வருஷம் எது என்பது அவருக்கே மறந்துபோய், பலவாறாகச் சொல்லிவந்தார். பிற்காலத்தில் வானநூலார், படத்தில் நிலவு நிற்கும் இடத்தை அளந்து பார்த்து, 1941 நவம்பர் 1 என்று தீர்த்துச் சொன்னார்கள். பௌர்ணமிக்குச் சில நாட்களே முந்திய நிலவு அது. அதனாலேயே வெயிலும் நிலவும் அந்த ஒரு படத்தில் சந்திக்க முடிந்தது. தஞ்சாவூர் வயலில் பஞ்சாங்கத்தோடு நின்ற ஐயா அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று எண்ணும்போது இன்றும் என் நெஞ்சு கனக்கிறது.

சதுர்த்தசிக்காகக் காத்திராமல் நிலவைப் படத்தில் அமர்த்துவதற்கு வேறொரு மார்க்கமும் உண்டு. ஒரே பிளேட்டில் இருமுறை எடுப்பது. கறுத்த ஆகாயத்தில் நீண்ட லென்ஸால் நிலவை முதலில் பதித்துக்கொண்டு, தேய்த்த கண்ணாடியில் அதன் இடத்தைப் பென்சிலால் குறித்துவைத்து, பிறகு அதே பிளேட்டில் வேறு லென்ஸால் நிலக்காட்சியை, நிலவின் இடத்தில் இருட்டு வருமாறு, எடுப்பார்கள். டபுள் எக்ஸ்போஷர் என்று ஸ்டூடியோக்களில் வழங்கிய இந்த வித்தை அக்காலத்துக் காலண்டர்களிலும் கல்யாண ஆல்பங்களிலும் வெகுவாகப் பரவியிருந்தது. மணப்பெண்ணின் உள்ளங்கையில் நிலவை வைத்துக் கொடுக்காத ஸ்டூடியோ இல்லை. ஐயாவும் செய்வார். கலைஞனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு என்பதே அவர் கட்சி. ஆனால் அவர் தமக்கென்று சில நியதிகள் வைத்திருந்தார். அவற்றை மீறி ஒரு பிரதியும் அவர் கடையிலிருந்து வெளியே போனதில்லை. பிறையின் ஒளிபட்ட முதுகு சூரியன் மறைந்த பக்கமே இருக்க வேண்டும். கொம்புகள் அதற்கு எதிர்ப்புறம். கொம்புகளுக்கு இடையில் நட்சத்திரம் வைக்கக் கூடாது. அங்கே இருப்பது வெறும் ஆகாயமல்ல, வெயில் படாத சந்திரனேதான். அஸ்தமனச் செம்மைக்குப் பக்கத்தில் முழு நிலவை நிறுத்தக் கூடாது. முழு நிலவு என்றைக்கும் சூரியனுக்கு எதிர்த் திசையில்தான் நிற்கும். முக்கியமாக, மேல்நாட்டுச் சித்திரங்களைப் பார்த்துப் பிறையை நெட்டுக்குத்தாக நிறுத்தக் கூடாது. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் நாட்டில் மூன்றாம் பிறை, அதிலும் மாசி பங்குனியில், மல்லாந்த ஓடமாகவே மிதக்கும்.

மாலையில் மூன்றாம் பிறை பார்ப்பதை ஒரு தரிசனமாகக் கொண்டிருந்த ஜனங்கள் வாழ்ந்த ஊர் அது. பிறையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கையிலிருக்கும் காசையோ மஞ்சளையோ பார்க்கிற கிழவிகள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் பொய்ப் பிறையை வைப்பது அபசாரம் என்று ஐயா நினைத்தார். அவர் நினைத்தது சரி என்றே நானும் நினைக்கிறேன். கற்பனைக்கு இடம் தருவதற்கும் கண்ணெதிரே இருப்பதைக் கவனியாமல் விடுவதற்கும் உள்ள தூரத்தை எனக்கு அவரைப்போல் உணர்த்தியவர் வேறெவருமில்லை.

சந்திர கிரகணத்தன்று அவருடைய வீட்டு மொட்டைமாடியில் கழிந்த ஓர் இரவையும் சொல்ல வேண்டும். கீழே கூடத்தில் அவருடைய வயதான தாயார் ஊறுகாய் ஜாடியிலும் குடிநீர்ப் பானையிலும் தர்ப்பைப் புல்லைப் போட்டுவிட்டு, பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தி வைத்திருந்தார். கிரகணம் விடும்வரை அது தானே நிற்கும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. கர்ப்பிணியான மருமகளை வெளியே தலைகாட்ட விடவில்லை. மேலே ஐயாவோ முக்காலியின் கால்களுக்குச் செங்கல் அணை கொடுத்து, நகராதபடி இறுக்கி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரே பிளேட்டில் நிலவைப் பதித்துக்கொண்டிருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்லுவது என் வேலை. இரண்டு நிமிஷத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்கிற நிலவு, ஐந்து நிமிஷ இடைவெளியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக விழும். நிழல் கவ்வ ஆரம்பித்தது முதல் அவர் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார். முழுவதும் மறைந்து தாமிர நிறமானபோது விநாடிக் கணக்கில் திறந்துவைக்க வேண்டியிருந்தது. பூமியைச் சுற்றியுள்ள அத்தனை அந்திகளின் சிவப்பும் காற்றில் வளைந்து போய் அங்கே விழுவதால்தான் அந்த நிறம் என்று அவர் சொன்னது, கீழே தாயார் முணுமுணுத்த ஸ்தோத்திரத்தோடு சேர்ந்தே என் காதில் விழுந்தது. சாதாரணப் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. அதனாலேயே இருட்டறையில் சிவப்பு விளக்கு வைக்க முடிகிறது. அன்றைக்காக அவர் எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிளேட்டைத் தருவித்து, விளக்கே இல்லாத கும்மிருட்டில் கையால் தடவியே கழுவினார். 1840-இல் நியூயார்க்கில் டிரேப்பர் என்ற ரஸாயன ஆசிரியர் வெள்ளி பூசிய தகட்டில் 20 நிமிஷம் ஒளிகாட்டிச் சந்திரனைப் பிடித்த கதையை அவர் எனக்குச் சொன்னதும் அந்த இருட்டில்தான்.

இப்போது அந்த ஸ்டூடியோ இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். ஆற்றுப் பாலத்தில் உயரமான கம்பத்து விளக்குகள் இரவைப் பகலாக்கிவிட்டதால், அங்கே நின்று நிலா வெளிச்சம் இன்னதென்று ஒரு குழந்தைக்குக் காட்ட முடியாது. பாட்டி தயிர்ச்சோற்றை உருட்டி உருட்டிக் கையில் வைக்க, நாங்கள் வட்டமாக உட்கார்ந்து உண்ட நிலாச்சோறும் ஆற்று மணலோடு போயிற்று. ஆனால் என் பேத்தி, நிலவு எந்த நாளில் எந்தத் திக்கில் எத்தனை மணிக்கு எழும் என்பதை அங்குல சுத்தமாகச் சொல்லும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே அவளும் அவள் தோழியரும் கோபுரத்துக்கு எதிரே எங்கோ ஒரு வயலில் போய் நிற்கிறார்கள். அதைக் கேட்கையில் எனக்கு அளவில்லாத ஆனந்தம் உண்டாகிறது. சில கைப்பேசிகள், காட்டப்படுவது நிலவு என்று கண்டுகொண்டதும், தாமறிந்த மேடு பள்ளங்களைத் தாமே சேர்த்து நிரப்பிவிடுகின்றன என்று அவள் சொன்னபோது மட்டும் மனம் நொந்தேன். மங்கலாக வந்தாலும் அந்த மாலையில் அவள் கண்ட நிலவு அல்லவா அவளுக்கு வேண்டும்! அவளும் அந்த ஏற்பாட்டை நிறுத்திவைத்துவிட்டுத்தான் எடுக்கிறாளாம்.

ஐயா எடுத்த நிலவுப் படங்களிலெல்லாம் எனக்கு மிகவும் உகந்தது சௌமிய வருஷத்து ஆடி மாதத்தில் எடுத்தது. 1969 ஜூலை 21 திங்கட்கிழமை. காலை எட்டரை மணி சுமாருக்கு, நம் நேரப்படி, ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் கால் வைத்தார். வானொலிச் செய்தி தெருவெங்கும் பரவியிருந்தது. அன்று சாயங்காலம் ஏறத்தாழ அரை நிலவு. பொழுது சாய்வதற்கு முன்பே உயரத்தில் தெரிய ஆரம்பித்தது. கடைக்காரர்கள், வண்டிக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், இடுப்புக் குழந்தையோடு பெண்கள், எல்லோரும் வீதிக்கு வந்து அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியப்போவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆயினும் வீட்டுக்குள் இருக்க எவருக்கும் மனம் ஒப்பவில்லை. ஐயா காமிராவைத் திண்ணைமேல் நிறுத்தினார். லென்ஸை ஆகாயத்தை நோக்கி உயர்த்துவார் என்று நான் எதிர்பார்த்திருக்க, அவர் அதை வீதியின் பக்கம் திருப்பினார். அந்தி வெளிச்சத்தில், உயர்ந்த முகங்களை மட்டும் எடுத்தார்.

அந்தப் படத்துக்குப் பிரதி கேட்டு ஒரு வாரம் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் கூட்டத்தில் தங்கள் முகத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டு வாங்கிப்போனார்கள். கோயில் வாசலில் பூ விற்ற ஆச்சி ஒருத்திதான், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதிலே நிலாவைக் காணுமே?” என்று கேட்டாள். ஐயா அவளருகில் வந்து குனிந்து, படத்தில் இருந்த அவள் முகத்தைச் சுட்டிக்காட்டி, “நீங்க எங்கே பார்க்கிறீங்க ஆச்சி?” என்றார். “மேலே.” “அங்கேதான் இருக்கு.” அவள் முடிச்சை அவிழ்த்துக் காசு எடுக்கப்போனாள், அவர் வாங்கவில்லை. மறுநாள் காலையில் ஸ்டூடியோவுக்கு ஒரு முழம் கதம்பம் வந்தது. அந்தப் படத்தை அவள் தன் பூக்கடைத் தட்டியில், முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தாள். நான் ஊரை விட்டுப் புறப்பட்ட வருஷம்வரையில் அது அங்கேதான் இருந்தது.